5 விதமான பேக்கப் இருந்தும் காலை வாரியது ஏன்? ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை காப்பி எடுப்பது இவ்வளவு கஷ்டமா?

ஒரே ஒரு கமாண்ட். தப்பு என்று புரிந்து அதை நிறுத்த ஆன நேரம் ஒன்றிரண்டு விநாடி. அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது வெறும் 4.5 ஜிபி.

2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு கிட்லாப் நிறுவனத்தில் நடந்த சம்பவம் இது. உலகம் முழுக்க சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் தங்கள் கோடுகளை சேமித்து வைக்கும் தளங்களில் கிட்லாப் முக்கியமானது. அதாவது, மற்றவர்களுடைய வேலையைப் பத்திரமா வெச்சுக்கிறதுதான் அவர்களுடைய தொழிலே. அப்படிப்பட்ட இடத்திலேயே டேட்டாபேஸ் காணாமல் போனது. "பேக்கப் இருக்குல்ல, அதை எடுத்துப் போட்டுடலாம்" என்று தேடினால், ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே போனது. பேக்கப்புக்கும் காப்பிக்கும் வைத்திருந்த 5 ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை, அல்லது அமைக்கப்படவே இல்லை என்று நிறுவனமே பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

டேட்டாபேஸ் நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் பாடமாக சொல்லப்படும் சம்பவம் இது. அந்த இரவில் என்ன நடந்தது, ஒரு டேட்டாபேஸை நிறுத்தாமலேயே எப்படி காப்பி எடுக்கிறார்கள், எங்கெல்லாம் சறுக்குகிறது... பார்க்கலாம்.

அந்த இரவில் நடந்தது என்ன?

அன்றைக்கு மாலையில் இருந்தே கிட்லாப் டேட்டாபேஸில் லோடு அதிகமாக இருந்தது. ஸ்பேம் ஆசாமிகள் ஒருபக்கம் தொல்லை. அவர்களிடம் இருந்தது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். ஒரு முதன்மை சர்வர், அதை அப்படியே பின்தொடர்ந்து காப்பி செய்யும் இன்னொரு சர்வர். லோடு ஏறியதில் இரண்டாவது சர்வர் பின்தங்க ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில், அது இன்னும் வாங்கிக்கொள்ளாத பதிவுகளை முதன்மை சர்வர் அழித்தேவிட்டது. அதற்கப்புறம் இரண்டாவது சர்வர் தானாக எட்டிப்பிடிக்க வழியே இல்லை. முதலில் இருந்து புதிதாக காப்பி எடுக்க வேண்டும்.

அந்த வேலையில் ஓர் இன்ஜினியர் இறங்கினார். இரவு 11 மணி ஆகிவிட்டது, கிளம்பலாம் என்று நினைத்திருந்த நேரத்தில் வந்து மாட்டிய வேலை. காப்பி எடுக்கும் கருவியை ஓடவிட்டால் அது எதுவும் சொல்லாமல் அப்படியே நிற்கிறது. உண்மையில் அது முதன்மை சர்வர் டேட்டாவை அனுப்பத் தொடங்கட்டும் என்று காத்திருந்தது. ஆனால் திரையில் அதைச் சொல்லும் ஒரு வரி இல்லை. ஒருவேளை இரண்டாவது சர்வரில் பழைய ஃபோல்டர் கிடப்பதால் சிக்கலோ என்று நினைத்து, அதை அழிக்கும் கமாண்டை அடித்தார்.

அடித்தது இரண்டாவது சர்வரில் இல்லை. முதன்மை சர்வரில்.

இரண்டு சர்வரின் பெயருக்கும் ஓர் எண்தான் வித்தியாசம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி கருப்பு ஜன்னல். இதை ஒரு தனி மனிதரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கை தவறுவது எந்த ஊரிலும் எந்த ஆபீஸிலும் நடக்கும். கை தவறினாலும் தப்பிக்கத்தானே பேக்கப்? அது ஏன் இல்லாமல் போனது என்பதுதான் இங்கே கேள்வி. பதிலைப் புரிந்துகொள்ள, பேக்கப் எப்படி எடுக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஃபைலை காப்பி பண்ணி வெச்சா போதாதா?

போனில் இருக்கும் போட்டோவை பென் டிரைவில் போடுவது மாதிரி டேட்டாபேஸையும் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டோ எடுத்தபின் மாறாது. டேட்டாபேஸ் ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கல்யாண மண்டபத்தில் போனை இடமிருந்து வலமாக நகர்த்தி பனோரமா எடுத்திருப்பீர்கள். இடது ஓரத்தில் நின்ற பையன், கேமரா நகர்வதற்குள் ஓடிப்போய் வலது ஓரத்தில் நின்றால், படத்தில் அவன் இரண்டு முறை இருப்பான். எதிர்ப்பக்கம் ஓடினால், படத்தில் அவன் இல்லவே இல்லை.

டேட்டாபேஸிலும் இதுதான். 300 ஜிபி ஃபைல்களை காப்பி எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபைலில் உங்கள் கணக்கு, கடைசி ஃபைலில் உங்கள் நண்பரின் கணக்கு. முதல் ஃபைல் காப்பி ஆன பிறகு நீங்கள் அவருக்கு 1,000 ரூபாய் அனுப்புகிறீர்கள். கடைசி ஃபைல் காப்பி ஆகும்போது அவர் கணக்கில் பணம் ஏறியிருக்கும். உங்கள் கணக்கில் இருந்து கழிந்தது காப்பியில் இருக்காது. அந்த காப்பிப்படி, இல்லாத 1,000 ரூபாய் எங்கிருந்தோ முளைத்துவிட்டது!

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தன் டேட்டாவை 8 கேபி பக்கங்களாக எழுதும். ஒரு பக்கம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே காப்பி எடுத்தால் பாதி பழசு, பாதி புதுசு என்று கிழிந்த பக்கம் கிடைக்கும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். திறந்து படிக்கிற அன்றைக்குத்தான் வண்டவாளம் வெளியே வரும்.

அப்போ கொஞ்ச நேரம் நிறுத்திட்டு எடுக்கலாமே?

எடுக்கலாம். இதற்கு கோல்ட் பேக்கப் என்று பெயர். டேட்டாபேஸை நிறுத்து, காப்பி எடு, மறுபடி ஓடவிடு. எந்தக் குழப்பமும் இல்லாத, ரொம்ப நம்பகமான முறை. இரவு 9 மணிக்கு ஷட்டர் இறக்கும் கடைக்கு இதுவே தாராளம். அங்கே போய் பெரிய பெரிய தொழில்நுட்பத்தை விற்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

ஆனால் எல்லோருக்கும் ஷட்டர் இறக்கும் வசதி இல்லை. நம் ஊர் வங்கிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நெஃப்ட் பணப் பரிமாற்றம் 2019 டிசம்பர் 16 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதல். அதற்கு முன் வேலை நேரம் முடிந்தால் இவை நிற்கும். இன்று நள்ளிரவு 2 மணிக்கும் யாரோ ஒருவர் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நிறுத்தி எடுக்க இரவு என்ற ஒன்றே இல்லை.

அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். இதுதான் ஹாட் பேக்கப், அல்லது ஆன்லைன் பேக்கப். இதற்கு சில வழிகள் இருக்கின்றன.

வழி ஒன்று: டேட்டாபேஸையே ஒப்பிக்கச் சொல்வது

ஃபைலைத் தொடாமல், டேட்டாபேஸிடமே "உன்கிட்ட என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்று கேட்பது. போஸ்ட்கிரெஸில் பிஜி டம்ப், மைஎஸ்கியூஎல்லில் மைஎஸ்கியூஎல் டம்ப் ஆகிய கருவிகள் இதைத்தான் செய்கின்றன. 'இந்த டேபிளை உருவாக்கு, இந்த வரியைச் சேர்' என்று கட்டளைகளாக எழுதிக் கொடுத்துவிடும்.

ஒப்பிக்கும்போதே டேட்டா மாறினால்? இங்கேதான் நவீன டேட்டாபேஸ்களின் சாமர்த்தியம். ஒரு வரியை மாற்றும்போது பழையதை உடனே அழித்துவிடாமல், பழைய பதிப்பையும் கொஞ்ச காலம் வைத்திருக்கும். டம்ப் தொடங்கிய கணத்தில் எது உண்மையோ, அதை மட்டுமே டம்ப்புக்குக் காட்டும். அதற்குப் பிறகு ஆயிரம் பேர் ஆயிரம் மாற்றம் செய்தாலும் டம்ப்பின் கண்ணில் படாது. யாருடைய வேலையும் நிற்காது. பனோரமா பிரச்னை காலி.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. இந்த வசதி இன்னோடிபி வகை டேபிள்களுக்குத்தான். அதுவும் 'ஒரே டிரான்ஸாக்ஷனில் எடு' என்று டம்ப்பிடம் சொல்லியிருக்க வேண்டும். பழைய மைஐஸாம் டேபிள்கள் இருந்தால் பூட்டுப் போட்டுத்தான் எடுக்க முடியும். பூட்டியிருக்கும் வரை எழுத வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இந்த முறையின் நல்ல விஷயம், பதிப்பு மாறினாலும் பெரும்பாலும் கைகொடுக்கும். ஒரே ஒரு டேபிளை மட்டும்கூட மீட்கலாம். கெட்ட விஷயம், வேகம். சின்ன டேட்டாபேஸுக்கு சில நிமிடம். பெரியதுக்கு மணிக்கணக்கு. அத்தனை நேரமும் பழைய பதிப்புகளைத் தூக்கி எறிய முடியாமல் டேட்டாபேஸ் வீங்கிக்கொண்டே போகும். மீட்கும்போது இன்னும் மோசம். ஒவ்வொரு வரியாக மறுபடி எழுதி, இண்டெக்ஸ் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். எடுக்க 1 மணி நேரம் ஆனதை மீட்கவும் 1 மணி நேரம்தான் ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

வழி இரண்டு: கிழிந்த பக்கத்தையே எடு, பிறகு தைத்துக்கொள்ளலாம்

கேட்க வேடிக்கையாக இருக்கும். பெரிய டேட்டாபேஸ்களுக்கு பெரும்பாலும் இதுதான் வழி.

பழைய மளிகைக் கடை கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். யார் என்ன வாங்கினாலும் முதலில் நாள்வழிக் குறிப்பேட்டில் ஒரு வரி விழும். பிறகு சாவகாசமாக பேரேட்டில் அவரவர் பக்கத்துக்குப் போகும். பேரேட்டில் தண்ணீர் கொட்டி நாலு பக்கம் நாசமானாலும், குறிப்பேடு இருந்தால் கணக்கை மறுபடி எழுதிவிடலாம்.

டேட்டாபேஸும் இதே ஒழுங்கில்தான் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் முதலில் ஒரு லாகில் பதிவாகும். போஸ்ட்கிரெஸில் இதை வால் என்பார்கள் (ஆங்கில எழுத்துகள் மூன்றின் சுருக்கம், நம்ம வால் இல்லை). அதன் பிறகே உண்மையான டேட்டா ஃபைலில் மாற்றம் போய்ச் சேரும். கரண்ட் போய் மறுபடி வந்தால், டேட்டாபேஸ் இந்த லாகைப் படித்துத்தான் தன்னை சரிசெய்துகொள்ளும்.

இதை பேக்கப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். "இப்போ தொடங்குறேன்" என்று டேட்டாபேஸிடம் சொல்லிவிட்டு, ஃபைல்களை ஓடுகிற நிலையிலேயே காப்பி எடுக்க வேண்டியது. பனோரமா மாதிரி கோணல் மாணலாகத்தான் வரும், வரட்டும். கூடவே, காப்பி தொடங்கியதில் இருந்து முடியும் வரை உள்ள லாக் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டியது. மீட்கும்போது கோணல் காப்பியின் மேல் அந்த லாகை வரிசையாக ஓட்டினால், காப்பி முடிந்த கணத்தில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அப்படியே நிமிர்ந்து நிற்கும். கிழிந்த பக்கத்துக்கும் வைத்தியம் உண்டு. பேக்கப் நடக்கும்போது ஒரு பக்கம் முதன்முறை மாறினால், மாற்றத்தை மட்டும் இல்லாமல் பக்கம் முழுவதையும் போஸ்ட்கிரெஸ் லாகில் எழுதிவிடும்.

போஸ்ட்கிரெஸில் பிஜி பேஸ்பேக்கப், மைஎஸ்கியூஎல்லில் பெர்கோனா எக்ஸ்ட்ராபேக்கப் எல்லாம் இந்த ரகம். முக்கியமான எச்சரிக்கை ஒன்றுதான்: லாக் இல்லாத ஃபைல் காப்பி பேக்கப்பே கிடையாது. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று லாக் ஃபோல்டரை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்து வைத்தவர்கள், கோணல் பனோரமாவைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

நேற்று 11 மணி 41 நிமிடத்துக்குத் திரும்பிப் போகலாமா?

போகலாம்! இந்த லாக் முறையின் பெரிய லாபமே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழு காப்பி எடுத்தாச்சு. அதற்கப்புறம் உருவாகும் லாக் ஃபைல்களை ஒன்றுவிடாமல் வேறொரு இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். புதன்கிழமை காலை 11.42க்கு யாரோ ஒரு டேபிளையே அழித்துவிடுகிறார்கள். ஞாயிறு காப்பியை எடுத்து, லாகை ஓட்டி, "11 மணி 41 நிமிடம் 59 விநாடியில் நிறுத்து" என்று சொன்னால் டேட்டாபேஸ் அந்தக் கணத்தில் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பில் இருந்தே இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் பின்லாக் இதே வேலையைச் செய்யும்.

தினமும் இரவு ஒரு டம்ப் மட்டும் எடுக்கிறவர், விபத்து நடந்தால் அதிகபட்சம் ஒரு நாள் டேட்டாவை இழப்பார். லாகையும் அனுப்புகிறவர் இழப்பது சில நிமிடங்களை, சிலசமயம் விநாடிகளை. பேக்கப் திட்டம் போடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்: எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்குவோம்? மீட்டு நிமிர எவ்வளவு நேரம் ஆனால் தாங்குவோம்? பதில் தெரியாமல் எந்தக் கருவியைப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

இதிலும் கண்ணி இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் லாக் ஃபைல் வழக்கமாக 16 எம்பி. அது நிரம்பிய பிறகுதான் வெளியே போகும். கூட்டம் குறைவான டேட்டாபேஸில் 16 எம்பி நிரம்ப பல மணி நேரம் ஆகலாம். அதுவரை கடைசி மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரே சர்வரில்தான் இருக்கும். 'நிரம்பாவிட்டாலும் இத்தனை விநாடிக்கு ஒருமுறை அனுப்பு' என்று தனியாக சொல்லி வைக்க வேண்டும். இன்னொரு பக்கம், லாக் போய்ச் சேரும் இடம் பழுதானால், அனுப்ப முடியாத லாக்குகள் சர்வரிலேயே குவியும். யாரும் கவனிக்காவிட்டால் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸே நின்றுவிடும். பாதுகாப்புக்கு வைத்த ஏற்பாடே ஆளைக் கவிழ்ப்பது இப்படித்தான்.

கிட்லாப் கதையில் ஒரு துண்டு இங்கே பொருந்துகிறது. அந்த நாளில் அவர்கள் லாகை இப்படி வெளியே சேமித்து வைக்கவில்லை. வைத்திருந்தால் பின்தங்கிய இரண்டாவது சர்வர், விட்டுப்போன லாகை அங்கிருந்து எடுத்துக்கொண்டு தானாக எட்டிப்பிடித்திருக்கும். அந்த இன்ஜினியர் அந்தக் கமாண்டை அடிக்கும் நிலையே வந்திருக்காது.

வழி மூன்று: ஸ்நாப்ஷாட்

டிஸ்க் மட்டத்திலேயே ஒரு கணத்தை உறைய வைப்பது. 300 ஜிபியையும் உடனே காப்பி எடுப்பதில்லை. "இந்த நிமிஷத்தில் இருந்து யாராவது ஒரு பகுதியை மாத்த வந்தா, பழசை ஓரமா எடுத்து வெச்சிட்டு அப்புறம் மாத்து" என்று குறித்துக்கொள்வது மட்டும்தான். அதனால் எவ்வளவு பெரிய டேட்டாபேஸாக இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். லினக்ஸில் எல்விஎம், இசட்எஃப்எஸ், கிளவுட் நிறுவனங்களின் டிஸ்க் ஸ்நாப்ஷாட் எல்லாமே ஏறக்குறைய இந்த யோசனைதான்.

ஸ்நாப்ஷாட்டில் இருந்து டேட்டாபேஸை எழுப்பினால், அது "கரண்ட் போயிருச்சு போல" என்று நினைத்து லாகைப் படித்து சரிசெய்துகொள்ளும். டேட்டாவும் லாகும் ஒரே டிஸ்கில் இருந்தால் சிக்கல் இல்லை. இரண்டும் வேறு வேறு டிஸ்கில் இருந்து, இரண்டையும் அடுத்தடுத்த நொடியில் எடுத்தால் மறுபடி பனோரமா கதைதான். அதோடு, ஸ்நாப்ஷாட் அதே டிஸ்கிலேயே இருக்கும்வரை அது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

காப்பி சர்வர் இருக்கே... அது பேக்கப் இல்லையா?

இல்லை. ரொம்பப் பேர் விழுகிற குழி இது.

முதன்மை சர்வரில் நடப்பதை எல்லாம் அப்படியே செய்யும் ரெப்ளிகா என்பது கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி. நீங்க மொட்டை அடிச்சா கண்ணாடியில் இருப்பவருக்கும் மொட்டைதான். "இந்த டேபிளை அழி" என்று முதன்மை சர்வரில் சொன்னால், அடுத்த விநாடி ரெப்ளிகாவும் பணிவாக அதை அழித்துவிடும். சர்வர் எரிந்துபோனால், மெஷின் பழுதானால் ரெப்ளிகா காப்பாற்றும். மனிதத் தவறில் இருந்து காப்பாற்றாது. டேட்டா இழப்புக்கு மனிதத் தவறு எவ்வளவு சாதாரணமான காரணம் என்று இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள்.

ஆனால் ரெப்ளிகாவை வைத்து இரண்டு நல்ல வேலைகள் செய்யலாம். முதலாவது, பேக்கப்பை முதன்மை சர்வரில் எடுக்காமல் ரெப்ளிகாவில் எடுப்பது. வாடிக்கையாளர்களுக்கு எந்த சுமையும் தெரியாது. அந்த நேரம் ரெப்ளிகா பின்தங்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய டேட்டாவை புது தேதி போட்டு பத்திரப்படுத்துவோம்.

இரண்டாவது யோசனை இன்னும் அழகானது. வேண்டுமென்றே சில மணி நேரம் தாமதமாக ஓடும் ரெப்ளிகா. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. 8 மணி நேரம் தாமதம் வைத்திருந்தால், காலையில் தவறாக அழித்ததை மதியம் கண்டுபிடித்தாலும், அந்த ரெப்ளிகாவில் அது இன்னும் அழிந்திருக்காது. தவறு நடந்த கணத்துக்கு முன்பு வரை ஓட்டி நிறுத்தி, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இந்த முறையைப் பயன்படுத்தி மீட்டது பற்றி 2019ல் எழுதியவர்கள் யார் தெரியுமா? கிட்லாப்காரர்களேதான்.

சரி, அந்த 5 ஏற்பாடுகளுக்கு என்ன ஆச்சு?

இப்போது மறுபடி அந்த இரவுக்குப் போவோம். ஒவ்வொன்றும் எப்படி கைவிட்டது என்று இப்போது புரியும்.

ரெப்ளிகா: அன்றைக்குப் பிரச்னையே அதில்தான். அதன் டேட்டாவை ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது.

தினசரி டம்ப்: அமேசான் கிளவுடில் போய் சேர வேண்டும். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. காரணம்தான் கொடுமை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் ஓடியதோ டேட்டாபேஸ் இல்லாத வேறொரு சர்வரில். எந்தப் பதிப்பு என்று தெரியாமல் அங்கிருந்த சாஃப்ட்வேர் பழைய 9.2 கருவியை எடுத்துக்கொண்டது. பதிப்பு பொருந்தவில்லை என்று கருவி உடனே நின்றுவிட்டது. தோற்றுப்போனால் இமெயில் வர வேண்டும் அல்லவா? இமெயிலும் போயிருக்கிறது. முறையாக கையெழுத்திடப்படாத மெயில் என்று, ஸ்பேமைத் தடுக்கும் டிமார்க் விதிப்படி அது நிராகரிக்கப்பட்டுவிட்டது. பேக்கப் தோற்றது, தோற்ற செய்தியும் தோற்றது. ஒருவருக்கும் தெரியாது.

அஷ்யூர் கிளவுடின் டிஸ்க் ஸ்நாப்ஷாட்: ஃபைல் சர்வர்களுக்கு போட்டு வைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடவில்லை. மற்ற ஏற்பாடுகள் இருக்கின்றனவே, அவையே போதும் என்ற நினைப்பு.

கடைசியில் காப்பாற்றியது எல்விஎம் ஸ்நாப்ஷாட். அதுவும் பேக்கப்புக்காக எடுத்தது இல்லை; சோதனை சர்வருக்கு புது டேட்டா வேண்டும் என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது. அன்றைக்கு ஒரு சோதனைக்காக ஓர் இன்ஜினியர், விபத்துக்கு சுமார் 6 மணி நேரம் முன்பு, கையால் ஒன்று எடுத்திருந்தார். அது மட்டும் இல்லாவிட்டால் இழப்பு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகியிருக்கும்.

மீட்பதும் சுலபமாக இல்லை. சோதனை சர்வரின் டிஸ்க் வேகம் ரொம்பக் குறைவு. டேட்டாவை காப்பி எடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஓடியது. டேட்டா இருந்தும் தளம் இல்லாமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. மறுநாள், யுடிசி நேரப்படி மாலை 6 மணிக்கு, நம் நேரப்படி இரவு 11.30க்குத்தான் கிட்லாப் திரும்ப வந்தது. சுமார் 6 மணி நேரத்து டேட்டா திரும்பவே இல்லை. நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கமெண்ட்கள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. கோடு ஃபைல்கள் தனி இடத்தில் இருந்ததால் அவை தப்பின.

ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். மூடி மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். ஒரு கட்டத்தில் 5,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்தார்கள். கமாண்ட் அடித்தவரின் தலையில் பழியைப் போடவில்லை. நாம் இன்று இவ்வளவு விவரமாகப் பேச முடிவதே அதனால்தான்.

உங்க போனிலும் ஒரு டேட்டாபேஸ் இருக்கு!

"இதெல்லாம் கம்பெனி சமாச்சாரம், நமக்கென்ன" என்று நினைக்க வேண்டாம். உங்கள் வாட்ஸ்அப் சாட் எல்லாம் போனுக்குள் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் ஃபைலில்தான் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்கு போனிலேயே ஒரு பேக்கப் எடுக்கும். ஆனால் அது அதே போனில்தான் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தால் சாட்டும் போச்சு, பேக்கப்பும் போச்சு. செட்டிங்ஸில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய், கூகுள் கணக்குக்குக் கடைசியாக எந்தத் தேதியில் போனது என்று இப்போதே பாருங்கள். பல மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தால், கூகுள் ஸ்டோரேஜ் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

சொந்தமாக ஆப் எழுதும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்கியூலைட்டும் சில அமைப்புகளில் புது மாற்றங்களைப் பக்கத்தில் ஒரு தனி வால் ஃபைலில்தான் வைத்திருக்கும். ஆப் ஓடும்போது முதன்மை ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால், கடைசியாக எழுதியது காப்பியில் இருக்காது. ஃபைலே கெட்டுப்போகவும் செய்யலாம். ஓடும்போதே எடுக்க எஸ்கியூலைட்டிலேயே தனி பேக்கப் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் கடை, கிளினிக், ஸ்கூல் கணக்கை யாராவது ஒரு சாஃப்ட்வேர்காரர் பார்த்துக்கொள்கிறார் என்றால் "பேக்கப் எடுக்கறீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ஆமாம் சார்" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எப்போ மீட்டுப் பார்த்தீங்க? எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேளுங்கள். அந்த காப்பி இதே கம்ப்யூட்டரில் இருக்கிறதா, வெளியே எங்காவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். எப்போதும் கம்ப்யூட்டரோடு இணைந்தே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் வைத்தால், ரான்சம்வேர் வைரஸ் வரும்போது கணக்கோடு சேர்த்து அந்த பேக்கப்பையும் பூட்டிவிட்டுப் போகும்.

கிட்லாப் அதன் பிறகு செய்த வேலைகளில் ஒன்று, பேக்கப்பை தானாகவே எடுத்து மீட்டுப் பார்க்கும் சோதனையை அமைத்தது. இன்னொன்று ரொம்பச் சின்னது. எந்த சர்வரில் இருக்கிறோம் என்று திரையைப் பார்த்ததும் தெரியும்படி, நிஜ சர்வர்களுக்கு ஒரு நிறம், சோதனை சர்வர்களுக்கு வேறு நிறம் என்று மாற்றினார்கள்.